நிக்கறதுக்கு வந்தவள்

மட்டாஞ்சேரி வீட்டின் கதவைத் திறந்த ஸ்வர்ணலதா, செண்பகவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணிப்பையைத்தான் பார்த்தாள்.

"பாண்டியா? தமிழ்நாட்டுக்காரியா?"

"பொறந்தது இங்கதான், கொச்சங்காடி. அப்பா அங்க குடோன்ல மூட்டை தூக்குறாரு."

"இங்கே நிக்கறதுக்கா வந்தே?"

கொச்சிப் பேச்சில் நிற்பதென்றால் தங்குவது. அந்த வீட்டில் எப்படியும் இடம் பிடித்தே தீருவது என்றுதான் செண்பகவல்லி வந்திருந்தாள்.

"ஆமா, நிக்கத்தான்."

"சமையல் தெரியுமோ?"

"மீன் குழம்பு நல்லா வைப்பேன்."

"ஐயோ, இந்தாத்துல மீன் ஏறாது!"

"நான் வந்துட்டேன்ல, ஏறும்."

"நாக்கைப் பாரு! படிச்சிருக்கியா?"

"எம்.எஸ்ஸி. களமசேரியில."

"எம்.எஸ்ஸி படிச்சுட்டா இங்கே வந்தே? கஷ்டகாலம்!"

"எனக்கும் இப்ப அப்படித்தான் தோணுது."

செண்பகவல்லி உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தாள். ஸ்வர்ணலதா பதறினாள்.

"எழுந்திருடீ! நாங்க மேல் கீழெல்லாம் பாக்கறவா இல்லே. ஆனா அவாவாளுக்குன்னு ஒரு இடம் இருக்கோல்லியோ?"

"என் இடம் இதுதான்."

"நீ வேலைக்கே வேண்டாம். வெளியே போ!"

செண்பகவல்லி அசையவில்லை.

அப்போது இரண்டு பெட்டிகளோடு உள்ளே நுழைந்தான் ஸ்வர்ணலதாவின் ஒரே மகன் ஸ்ரீநாத். "வண்டி விட இடமே கிடைக்கலைம்மா. அதுக்குள்ளே மருமகளோட பேசியாச்சா? காலம்பற எர்ணாகுளத்துல ரிஜிஸ்டர் பண்ணிண்டோம்."

ஸ்வர்ணலதா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

செண்பகவல்லி சோபாவில் சற்றே நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்க ஏன் அத்தை நிக்கறீங்க? உக்காருங்க."