ஒரு சொட்டுகூட ஒழுகலை

“இன்னும் கொஞ்சம் சேறு பூசுங்க. என்னமோ குழந்தைக்குப் பவுடர் போடற மாதிரி தடவறீங்க!”

பால்கனியில் பூந்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு மனைவி அதட்டினாள். கணவன் ஈர மண்ணை அள்ளிக் கூடாரப் பையின் மேல் அப்பினான்.

“போதும்டி. ஏரிக்கரையில தங்கினோம்னுதானே சொல்லப் போறோம்? ஏரிக்குள்ள இல்லையே!”

எல்லாம் அவனுடைய அக்காவால் வந்த வினை. மூன்று நாள் விடுமுறைக்கு அங்கே வருகிறேன் என்று போனில் சொன்னாள். போன தடவை வந்தபோது சமையலறை டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனவள் அவள். உப்பைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. போதாததற்கு அந்தத் தும்மல். ஒன்றோடு நிற்காது, வரிசையாக மூன்று. மூன்றாவதற்குக் கீழ்வீட்டுக் குழந்தை அலறிக்கொண்டு எழுந்துவிடும்.

“ஐயோ அக்கா, நாங்க கேம்ப்பிங் போறோமே!” என்று அவன் வாய்க்கு வந்ததை உளறிவிட்டான்.

அக்கா கோபப்படவில்லை. உதவி செய்துவிட்டாள். அவளோடு ஆபீசில் வேலை பார்ப்பவளின் கணவர்தான் கேம்ப்பிங் சாமான்களை வாடகைக்கு விடுகிறவராம். அன்றைக்கே அவரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் இவர்களும் போய், ஏரிக்கரைக்குப் போகிறோம் என்று சொல்லி எடுத்து வந்தார்கள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. “அட்டை கடிக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன்” என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆக, மூன்று நாளும் வீட்டிலேயே ஒளிந்து கிடந்தார்கள். போனை அணைத்து, ஜன்னலை மூடி, மிக்ஸி ஓட்டாமல், டி.வி.யைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு. நடுவில் ஒரு தரம் அழைப்பு மணி அடித்தது. சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தால் அக்காவுக்குத் தெரிய அரை நாள் போதும். அப்புறம் ஆயுசுக்கும் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

அதனால் பாத்திரத்தின் அடியில் மெழுகுவத்திக் கரி ஏற்றினார்கள். தூங்கும் பைக்குள் புல்லைத் தூவினார்கள். கூடாரம் அடிக்கும் ஆணி ஒன்றைச் சுத்தியலால் வளைத்தார்கள்.

“டென்டையும் ஒரு தடவை பிரிச்சு, கொஞ்சம் கசக்கி...”

“வேண்டவே வேண்டாம்! பிரிச்சா அது மறுபடியும் அந்தப் பைக்குள்ள போகாதாம். மேல சேறு இருந்தாப் போதும், வாங்க” என்றாள் மனைவி.

கடை வாசலில் சேறு அப்பிய செருப்புகள் இரண்டு ஜோடி கிடந்தன. ‘இதுதான்யா அசல் சேறு’ என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

“வாங்க சார், வாங்கம்மா! எப்படி இருந்துச்சு?” கடைக்காரரின் கண்கள் சிவந்திருந்தன. கெண்டைக்காலில் பிளாஸ்திரி.

“பிரமாதம் சார்!”

அவர் ஆணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஏன் இப்படி வளைஞ்சிருக்கு?”

“அடியில பாறை. அடிக்கிறேன் அடிக்கிறேன், இறங்குவேனாங்குது.”

“அட்டை இருந்துச்சா?”

“ஒண்ணுகூட இல்லையே!”

கடைக்காரர் பிளாஸ்திரியைச் சொறிந்துகொண்டார். “மழை?”

அவனுக்கு இப்போது குஷி பிறந்துவிட்டது. “மழையா சார் அது? வானமே பொத்துக்கிட்டு ஊத்துச்சு! ஆனா உங்க டென்ட் இருக்கே, ஒரு சொட்டுகூட ஒழுகலை. உள்ள உக்காந்து சீட்டு ஆடினோம்னா பாருங்களேன்!”

மனைவி அவன் காலை மிதித்தாள். ஆனால் அவளுக்கும் சும்மா இருக்க முடியவில்லை. “கலரும் நல்ல கலருங்க. அந்த நீலம் கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி!”

“நீலமா?” என்றார் கடைக்காரர்.

பையின் வாயை அவிழ்த்து உள்ளேயிருந்ததை மேஜை மேல் உருவிப் போட்டார். ரோஜாப் பூ போட்ட ஜன்னல் திரைகள் நாலு வந்து விழுந்தன.

“எங்க வீட்டு ஸ்கிரீன் சார். சலவைக்குப் போட வெச்சிருந்தேன். ரெண்டும் ஒரே மாதிரிப் பை, அவசரத்துல மாத்திக் குடுத்துட்டேன்.” மேஜைக்கு அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூடாரத்தை எடுத்து வைத்தார். “உங்க டென்ட் இதோ இருக்கு.”

மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் ரோஜாப் பூவைப் பார்த்தான்.

“அன்னிக்கே பார்த்துட்டேன். போன் போட்டா ரெண்டு பேருதும் ஆஃப். உங்க வீட்டுக்கு ஓடி வந்து மணி அடிச்சோம், சத்தமே இல்லை. சரி, கிளம்பிட்டீங்கன்னு டென்டைத் தூக்கிக்கிட்டு ஏரிக்கரைக்குப் போனோம். கொட்டற மழையில ரெண்டு நாள், ஒரு புதர் விடாம தேடினோம் சார்.”

“நீங்களும்... வேற யாரு?” மனைவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“நான் எவ்வளவோ சொன்னேம்மா, நீங்க வராதீங்கன்னு. கேக்கலையே! ‘மழையில நனைஞ்சா என் தம்பி தாங்கமாட்டான்’னு ஒரே அழுகை.”

உள்ளறையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. உடனே இரண்டாவது. மூன்றாவதற்குக் காத்திராமல் கணவனும் மனைவியும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.