ஐஸ் கட்டிக்குள் மருந்து

மருந்துக்கடை யூனுஸ் பாய்க்குச் சவரிமுத்து தர வேண்டியது நானூற்று எண்பது ரூபாய். சர்க்கரை வந்த பூனைக்கு வாங்கிய இன்சுலின் கடன். பேனா ஊசியைவிடக் குப்பிதான் மலிவு என்று பாயே பார்த்து எடுத்துக் கொடுத்தார். சவரிமுத்து வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. தான் வேலை செய்யும் ஐஸ் கம்பெனியில், கெடாமல் இருக்கட்டும் என்று கட்டிகளுக்கு நடுவே குப்பியைப் புதைத்து வைத்தான். தினமும் உருக்கி ஊசி போட்டும் பூனைக்குத் தாகம் அடங்கவில்லை. இன்று காலை செத்துப்போனது. மிச்சமிருந்த குப்பியும் கையுமாகக் கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னான்.

"மருந்து என்ன வஞ்சிர மீனாண்ணே? உறைஞ்சா வீணாப் போயிடும். ஈர மணல்ல ஒரு பானைய வெச்சு அதுக்குள்ள போட்டிருந்தாலே போதுமே" என்ற பாய், அவன் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "பூனையே போயிடுச்சு. காச விடுங்க."

சவரிமுத்து கூலிப்பணத்தை எடுத்து மேசையில் வைத்தான். "நீங்க குடுத்தது நல்ல மருந்துதான் பாய்."

சில்லிட்ட குப்பியை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிக்கொண்டே படியிறங்கினான்.