வலப்பக்கத்து மானிட்டர்

சிம்மக்கல் ஃப்ளெக்ஸ் கடையில் முனீஸ்வரி ஒரு காதுகுத்துப் பேனரின் டிசைனை மூன்றாவது முறையாகத் திறக்கிறாள். எதிரே திரையில் ஒன்றும் வரவில்லை. வலப்பக்கம், வாடிக்கையாளர் பார்ப்பதற்கென்று இன்னொரு மானிட்டர் இருந்தது. காலையில்தான் முதலாளி பாதுஷா அதைக் கழற்றித் தன் மேசையில் கடையின் கண்காணிப்பு கேமராவைப் பார்க்க வைத்துக்கொண்டார். தூசியில் அதன் கால் இருந்த வட்டம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. டிசைன் சாஃப்ட்வேருக்கு இதெல்லாம் தெரியாது. நேற்று மூடிய இடத்திலேயே, இல்லாத மானிட்டரில் போய்த் திறந்துகொள்கிறது. பேனரில் தன் படம் பெரிதாக இருக்கிறதா என்று பார்க்க வந்த, காதுகுத்துப் பிள்ளையின் தாய்மாமன் அவள் தோளுக்கு மேல் குனிகிறார். வெற்றிலை வாடை கழுத்தில் படுகிறது. "கீபோர்டுலயே இந்தப் பக்கம் கொண்டாரலாமேம்மா, ஒனக்குத் தெரியாததா?" என்கிறார் பாதுஷா. "தெரியும் பாய். கொண்டார மாட்டேன். அது எடத்துலதான் அது தெறந்துருக்கு. ஆளுக எம்மேல சாயாமப் பாக்கத்தான அந்த மானிட்டரு? எடுத்தாந்து வைங்க." சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறாள். மின்விசிறிக் காற்றில் மாதிரித் தாள்கள் படபடக்கின்றன. பாதுஷா தன் மேசைப் பக்கம் திரும்புகிறார். அந்த மானிட்டரிலும் முனீஸ்வரிதான். கட்டிய கையோடு, நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.