பிரேக் இல்லாத ரீல்

"கொழுப்பு, டாக்டரம்மா. வேற ஒண்ணுமில்ல, வெறும் கொழுப்பு!"

தூண்டில் சங்கத்துச் செயலாளர் ஒருவரிடம் பேசினாலும் ஒலிபெருக்கி முன்னால் நிற்கிற மாதிரிதான் பேசுவார். மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் ஒரு 'க்கும்' வேறு.

"இந்த டெய்லருக்கு சங்கத்துல எல்லாரும் சேர்ந்து புது ரீல் வாங்கிக் கொடுத்தோம். க்கும். பிரேக் வச்சது. அரை நிமிஷம் சுத்திப் பார்த்துட்டு, அப்படியே பெட்டியோட திருப்பிக் கொடுத்துட்டார். எத்தனை பெரிய மீன்னாலும் அவரோட அறுபது வருஷத்து டப்பாவுலதான் பிடிப்பாராம்!"

பல் டாக்டர் சங்கத்தில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஆனால் ஒரு கேள்வி மண்டைக்குள் முளைத்துவிட்டால் அதைப் பிடுங்காமல் அந்த அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. தொழில் அப்படி.

"பழசுல என்ன தப்பு சார்?"

"சின்ன மீனுக்கு ஒண்ணும் தப்பில்ல. பெரிசு கவ்விக்கிட்டு ஓடுச்சுன்னா, தூண்டில் நரம்பு உருவ உருவ ரீலோட கைப்பிடி பேய் பிடிச்ச மாதிரி சுத்தும். நிறுத்த பிரேக் கிடையாது. விரல் மாட்டினா முட்டி பேர்ந்துடும். துணி தைக்கிற ஆளுக்கு விரல்தானே சோறு போடுது? சொன்னா கேட்டாத்தானே!"

செயலாளர் அக்கம்பக்கம் பார்த்தார்.

"இன்னொண்ணு. ரகசியம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "சட்டைப் பையில போன் வச்சிருக்கார். அதுல யாரோ பேசறாங்க. போட்டி நேரத்துல வெளியாள்கிட்ட யோசனை கேட்கக் கூடாது, விதி எண் ஒன்பது. இன்னிக்குக் கையும் களவுமா பிடிச்சு சங்கத்தை விட்டே தூக்கறேன் பாருங்க. க்கும்."

டாக்டர் நேராக, ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த மரப்பாலத்தின் நுனிக்கு நடந்தார். டெய்லர் அங்கே தூண்டில் முள்ளில் இறகால் செய்த பொய்ப் பூச்சியைக் கட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரலுக்கு பிளாஸ்திரி.

"வலிக்கலையா?"

"பல்லைப் பிடுங்கிட்டு நீங்களும் இதைத்தான் கேப்பீங்களா டாக்டரம்மா?"

"கேப்பேன். புது ரீல் ஏன் வேண்டாம்னீங்க?"

"அதைச் சுத்திப் பார்த்தீங்களா? வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது. ஒரு பொட்டு சத்தம் கிடையாது. உம்மணாமூஞ்சி."

"சத்தமா சார் மீன் பிடிக்குது?"

டெய்லர் சிரித்தார். பதில் அவர் வாயிலிருந்து வரவில்லை. பையிலிருந்து வந்தது.

"மாப்ளே, அங்க என்னடா அரட்டை? தூண்டிலை வீசு!"

டெய்லர் சட்டென்று பையைப் பொத்தினார். டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்படியானால் செயலாளர் சொன்னது நிஜம்தானா?

"அணைச்சுடுங்க சார். அவர் உங்களைத் தூக்கறதுக்குன்னே சுத்திட்டிருக்கார்."

"பதினொரு மணி வரைக்கும் அணைக்க முடியாதும்மா."

"போட்டியே பத்து மணிக்கு முடியுதே!"

"ஆமா" என்றார் டெய்லர், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல. தூண்டிலை வீசினார்.

பூச்சி தண்ணீரில் மெத்தென்று உட்கார்ந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. தண்ணீர் வாயைப் பிளந்து பூச்சியை விழுங்கியது.

க்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

நூறு தவளைகள் ஒரே நேரத்தில் பல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். கைப்பிடி சுத்துகிற வேகத்தில் கைப்பிடியே கண்ணுக்குத் தெரியவில்லை. டெய்லர் உள்ளங்கையால் ரீலின் விளிம்பை அழுத்தினார். சத்தம் தணிந்தது. மீன் கைக்குள் வந்துவிடும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து மனுஷன் கையை எடுத்துவிட்டார்!

க்ர்ர்ர்ர்ர்ர்!

"ஐயோ, அமுக்குங்க சார்! அறுத்துக்கிட்டுப் போயிடும்!"

அவர் அமுக்கவில்லை. ரீலை நெஞ்சுக்குப் பக்கத்தில், குழந்தையை அணைக்கிற மாதிரி அணைத்துப் பிடித்தார்.

பாலம் அதிர, பின்னாலேயே நாலைந்து உறுப்பினர்கள் வர, செயலாளர் ஓடி வந்தார்.

"போனை எடுங்க! க்கும்! விதி எண் ஒன்பது!"

"ரெண்டு கையும் மாட்டியிருக்கு சார். ஒரு ரெண்டு நிமிஷம்..."

"ரெண்டு நொடிகூடக் கிடையாது!" செயலாளரே பைக்குள் கையை விட்டார். "ஐயா, அதை மட்டும் எடுக்காதீங்க!" என்று டெய்லர் திரும்பியபோது கைப்பிடி விரலில் படீரென்று அறைந்தது. பிளாஸ்திரியைத் தாண்டி ரத்தம் வந்தது. அவர் பார்வை விரலுக்குப் போகவில்லை. போன் மேலேயே இருந்தது.

"உங்களை நீக்கியாச்சு" என்றார் செயலாளர். "யார்கூடப் பேசறார்னு எல்லாரும் கேட்டுக்கோங்க!"

போனின் சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

அதே நொடியில் அந்தப் பக்கம் மீன் ஆழத்தில் போய் நின்றுகொண்டது. நரம்பு விறைத்து நின்றது. ரீல் வாயை மூடிக்கொண்டது. ஏரியில் ஒரு சத்தமில்லை.

போனில்தான் சத்தம். ஒரு கும்பலே சேர்ந்து 'ச்சே' என்றது. அப்புறம் மூச்சிரைக்க ஒரு பெண் குரல்:

"சார், டயாலிசிஸ் வார்டு நர்ஸ் பேசறேன். ஏன் சார் சத்தம் நின்னுபோச்சு? மீன் இருக்கா, அறுத்துக்கிட்டுப் போயிடுச்சா? சீக்கிரம் சொல்லுங்க, இங்க எட்டு பெட்டுலயும் ஊசி குத்தாத கையால எல்லாரும் ரீல் சுத்திக்கிட்டிருக்காங்க!"