கிண்ணத்தில் சாம்பல்

உலையைத் திறந்தால் கிண்ணத்தில் வெறும் சாம்பல். மரத்தூளைக் காற்றுப்படாமல் சுட்டு, இரத்தத்திலுள்ள நஞ்சை உறிஞ்சும் கரியாக்க வேண்டும். அது நாளை மருத்துவமனைக்குப் போனால்தான் இந்த மாலை வகுப்பு மாணவிக்கு ஆய்வுக்குழுவில் இடம். தன் கைதான் எங்கோ பிசகிவிட்டது என்று அவள் ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்க்கிறாள். உலைக்குள் காற்றை அண்டவிடாமல் நைட்ரஜனைச் செலுத்தும் உருளையின் திருகு இறுக மூடியிருக்கிறது. "கேஸ் சும்மா வீணாகுதேன்னு நான்தாம்மா மூடினேன்," என்கிறார் பேராசிரியை, சாய்ந்த வெயிலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. பிறகு கரிக்காகக் காத்திருக்கும் மருத்துவமனை டாக்டருக்குப் போன் போடுகிறார். "அதை ஏன் கேக்குறீங்க டாக்டர், சாயங்கால க்ளாஸ் பொண்ணு ஒண்ணு, சரியான அவசரக்குடுக்கை, சூடு ஆறுறதுக்குள்ள திறந்துட்டா." பேசிக்கொண்டே இவளைப் பார்த்தும் ஒரு சிரிப்பு. வாயைத் திறந்தால் சாம்பல் பறந்துவிடும் என்பதுபோல் அவள் கிண்ணத்தை ஏந்தி நிற்கிறாள்.