சலூன் மூலையில் ஒரு பலகை

முதல் தேதிக் காலை வெயில் சலூன் கண்ணாடிகளில் துள்ளி விளையாடுகிறது. மகனுக்கான மாதப் பணத்தை வாங்க, முடிதிருத்துபவரின் விவாகரத்தான மனைவி வாசலில் வந்து நிற்கிறாள். பதினாறு வயது மகனோ சிறுவர் ஜெயிலில் இருக்கிறான். "அவன் உள்ள இருக்கறவரைக்கும் நான் தர வேண்டியதில்லைன்னு வக்கீல் சொல்றாரு," என்கிறார் அவர். "அப்ப நிறுத்திக்குங்க. அங்க அவனுக்கு முடி வெட்டியிருக்காங்க, எலி கடிச்ச மாதிரி." சீப்பைத் துடைக்கும் கை அப்படியே நிற்கிறது. முன்பெல்லாம் பணம் தரும் நாள்தான் மகனுக்கு முடிவெட்டும் நாள். நாற்காலியின் கைகள்மேல் பலகை போட்டு அவனை உட்காரவைப்பார். உதிரும் முடியில் ஊருக்கே தலையணை தைக்கலாம். அவன் சிரிக்கிற சிரிப்பில் அலமாரிச் சீப்பெல்லாம் கீழே குதிக்கும். "எலியா? என் பிள்ளை தலையிலயா? வக்கீல் கிடக்கறாரு, இந்தா பிடி! அவன் வந்ததும் நானே வெட்டறேன்!" பண உறையை அவள் கையில் திணித்துவிட்டு, மூலையில் கிடக்கும் பலகையை எடுத்துத் தூசி தட்டுகிறார். "அவன் இப்ப உங்க உசரம்," என்கிறாள் அவள் மெதுவாக. அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.