பின்சுவர்ப் பக்கம்

“இந்தக் கிழமையில இது மூணாந்தரம் சேர். வேலை நேரத்தில நித்திரை. இனி அவவை வெச்சிருக்க ஏலாது.”

கிருபாமலர் சிஸ்டர் நின்றபடியே சொன்னார். ஆஸ்பத்திரி முகாமையாளர் மிஹ்லார் கதிரையைக் காட்டினார். சிஸ்டர் உட்காரவில்லை. தாதி வேலைக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பழக்கமே அவருக்கு இல்லை.

“ஆரு, உடுப்புக் கழுவுற ஸம்றாவா?”

“ஓம். பத்தரைக்கு ஒப்பரேஷன் தியேட்டருக்குப் பெட்சீட் வேணும். ஆளனுப்பிப் பார்த்தா, மகாராணி சுவரில சாஞ்சு கிடக்கிறாவாம். கேட்டா தலை சுத்துதாம்.”

“புள்ளத்தாச்சிதானே சிஸ்டர். அஞ்சு மாசம்.”

“நானும் மூணு பெத்தவதான். ஒரு நாளும் சுவரில சாயல்ல.”

“மாப்பிள பாலமுனையில வள்ளத்தில மீனுக்குப் போறவன். கடல் கொந்தளிச்சா இவட சம்பளத்திலதான் உலை வைக்கணும்.”

“அதை நித்திரைக்கு முதல் யோசிச்சிருக்கணும்.”

மிஹ்லார் பெருமூச்சு விட்டார். இந்தச் சிஸ்டரோடு மல்லுக்கட்டி ஏற்கெனவே ஒருதரம் தோற்றவர் அவர்.

மூன்று மாதத்துக்கு முந்திய கதை அது. நோயாளிக்குக் கொடுக்கிற மயக்க வாயுவின் மிச்சம் தியேட்டருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பின்னேரமானால் தாதிமாருக்குத் தலையிடி, ஓங்காளம், தூக்கம். தியேட்டர்த் தாதி சொனியா மிஸிக்கு இரண்டாவது தடவையும் கரு தங்கவில்லை.

“வாயுவாலதான் எண்டு ஆரு சொன்ன?” என்று மிஹ்லார் கேட்டார்.

“இல்லையெண்டு ஆரு சொன்ன?” என்று சிஸ்டர் திருப்பிக் கேட்டார்.

நாலு கடிதம், ஒரு நாள் வேலைப் பகிஷ்கரிப்பு. கடைசியில் அந்தக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு மோட்டரும் வெள்ளைப் பைப்பும் வந்து சேர்ந்தன. தலையிடி நின்றது. தாதிமார் சிஸ்டருக்குக் கேக் வெட்டினார்கள்.

“அண்டைக்கு எங்கட உடம்பு, எங்கட உடம்பு எண்டு சண்டை பிடிச்சீங்க,” என்றார் மிஹ்லார் மெதுவாக. “இந்தப் புள்ளக்கும் ஒரு உடம்பு...”

“அது நஞ்சு வாயு சேர். இது சோம்பல். ரெண்டும் ஒண்டா?”

வேலை நீக்கக் கடிதம் பத்து நிமிடத்தில் தயாரானது. தானே கொடுப்பதாகச் சொல்லி, சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அவர் வருவதேயில்லை. ஆளனுப்புவதோடு சரி. தியேட்டரின் பின்சுவருக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு முடுக்கு. மேலே தகரம். கீழே சலவைத் தொட்டி, நனைந்த பெட்சீட் குவியல். சுவரோடு கவிழ்த்த வாளியில் ஸம்றா குந்தியிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது.

“ஸம்றா.”

அவள் சுவரைப் பிடித்துத் தள்ளாடி எழும்பினாள். “மன்னிச்சிக்கங்க மிஸி. தகரத்துச் சூடு தாங்க ஏலாம இதில வந்து குந்தின. குந்தினா எழும்ப மனமில்லாமப் போகுது. முந்தி இப்பிடி இல்ல.”

“இந்த ஒரு இடம்தான் கிடைச்சதா?”

“இதிலதான் மிஸி ஏசி போல சில்லெண்டு காத்து வருது.”

ஸம்றா தலைக்கு மேலே கையைக் காட்டினாள். தியேட்டர்ச் சுவரைத் துளைத்து வந்த வெள்ளைப் பைப் ஒன்று, சரியாக அந்த வாளிக்கு மேலே வாயைக் குனிந்திருந்தது.

சிஸ்டர் நீட்டிய கடிதம் பாதியில் நின்றது.

“நீங்க சண்டை பிடிச்சுப் போடவெச்ச பைப்பாமே மிஸி,” என்றாள் ஸம்றா, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு. “ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்குத்தான் துஆக் கேக்கிறன்.”